டாங்கிளுக்குச் சந்தனம்

காது வலித்தது. சத்தம் நின்றால் காது வலிக்குமா என்று யாருக்காவது சந்தேகம் இருந்தால் சிவகாசிக்கு வந்து ஜெயக்கொடியைக் கேட்கட்டும், வலிக்கும். வருஷம் பூராவும் இந்தக் கண்ணாடி அறைக்குள் ராத்திரி பகல் இல்லாமல் இரைந்துகொண்டிருந்த இரண்டு சர்வர்களையும் இன்று ஆயுத பூஜை என்று காலை ஒன்பதரைக்கு அவன் கையாலேயே அணைத்துவிட்டு, ஏ.சி.யை மட்டும் அணைக்காமல், முக்காலியில் உட்கார்ந்திருந்தான். கீழே மெஷின் ஹாலில் மணிச் சத்தம் நகர்ந்து நகர்ந்து போய்க்கொண்டிருந்தது. பூசாரி முதலில் நான்கு கலர் மெஷினுக்குப் போவார், அப்புறம் இரண்டு கலர், அப்புறம் கட்டிங், அப்புறம் பைண்டிங், அப்புறம் மாடி ஏறி பிளேட் ரூம், கடைசியில் இங்கே. அவன் இந்த ஆப்செட் பிரஸ்ஸில் சேர்ந்த பத்தொன்பது வருஷமாக இதே வரிசைதான். வந்து சேர ஒன்றரை மணி நேரம் ஆகும். வந்து, சந்தனம் வைத்து, சூடம் காட்டிவிட்டு அவர் நகர்ந்ததும் முதலாளி சுபாஷினி மேடம் பையிலிருந்து அந்தக் காகிதத்தை எடுத்து நல்ல நேரத்துக்குள் கையெழுத்துப் போடுவாள். போடட்டும். போட்டுவிட்டால் தொலைந்தது சனியன், இன்னும் மூன்று வருஷத்துக்கு இவனை இந்த முக்காலியிலிருந்து ஒருத்தரும் அசைக்க முடியாது. அதுவரை வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும், அவ்வளவுதான் வேலை. வாயை மூடுவது என்ன பெரிய கஷ்டமா என்று நினைத்தான்.

என்ன காகிதம்? லைசென்ஸ் காகிதம். அமெரிக்காக்காரன் அனுப்பியது. அந்தக் கம்பெனியின் பெயரைச் சொல்லக்கூட ஜெயக்கொடிக்கு இப்போது வாய் கூசும். அமெரிக்காக்காரன் என்றே சொல்லிக்கொள்வான், சொல்லும்போது பல்லைக் கடித்துக்கொள்வான். இந்த இரண்டு இரும்புப் பெட்டிக்குள்ளே பதினொரு கம்ப்யூட்டர் குடியிருக்கிறது. பில் போடுகிறது ஒன்று, பேப்பர் ஸ்டாக் பார்க்கிறது ஒன்று, காலண்டர் டிசைன் பூராவும் வைத்திருக்கிறது ஒன்று, அச்சுக்குப் பிளேட் அடிக்கிற மென்பொருள் ஓடுகிறது ஒன்று. தனித்தனி மெஷின் என்று ஒவ்வொன்றும் நினைத்துக்கொண்டிருக்கும். உண்மையில் எல்லாம் ஒரே காம்பவுண்டில் வாடகைக்கு இருக்கிற குடித்தனங்கள். காம்பவுண்டைக் கட்டி மேய்க்கிற மென்பொருள் அமெரிக்காக்காரனுடையது. மேடமுடைய அப்பா, பெரிய முதலாளி காலத்தில் ஒரே தடவை காசு கொடுத்து வாங்கியது, வாங்கினால் வாங்கியதுதான் என்று எழுதியே கொடுத்தான். இப்போது அந்தக் கம்பெனியை இன்னொருத்தன் வாங்கிவிட்டானாம், வாங்கினவன் சொல்கிறான், பழைய கதையெல்லாம் கிடையாது, இனிமேல் வருஷ வாடகை, அதுவும் மூன்று வருஷம் சேர்த்துக் கட்டு. சரி, கட்டித் தொலைக்கலாம் என்றால் கணக்கைப் பார். சர்வரின் மூளைக்குள் கோர் என்று கூறு கூறாக எத்தனை இருக்கிறதோ அத்தனைக்குக் காசு. இங்கே இருப்பது முப்பத்திரண்டு. நாங்கள் அறுபத்து நாலுக்குக் குறைந்து விற்பதில்லை என்கிறான் பாவி! இரண்டு பேர் சாப்பிட்டுவிட்டு நாலு இலைக்குக் காசு கொடுக்கிறது எந்த ஊர் நியாயம்? அந்தக் கடிதத்தைப் படித்த அன்று ஜெயக்கொடி டீ டம்ளரை மேஜையில் வைத்த வேகத்தில் பாதி டீ கீபோர்டில் போயிற்று. திட்டினான், வாயில் வந்ததையெல்லாம் திட்டினான். ஆனால் திட்டிக்கொண்டிருக்கும்போதே உள்ளுக்குள் ஒன்று வேறு மாதிரி யோசிக்க ஆரம்பித்தது. அமெரிக்காக்காரனுக்குக் காசு கட்டவில்லை என்றால் வேறு எவனையாவது கூட்டி வரச் சொல்வார்கள். வேறு எவனாவது வந்தால் ஜெயக்கொடி எதற்கு?

எதற்கு என்று கேட்கிற தைரியம் அந்தப் பொண்ணுக்குத்தான் இருந்தது. டெல்பின். தூத்துக்குடிக்காரி, இருபத்தெட்டு வயசு, மதுரையில் தனியாக ஆபீஸ் போட்டுச் சின்னச் சின்னக் கம்பெனிகளுக்கெல்லாம் சர்வர் மாற்றிக் கொடுக்கிறாளாம். மேடம் எங்கேயோ கேள்விப்பட்டுக் கூட்டி வந்தாள். வந்த முதல் நாளே இந்த அறைக்குள் நின்றுகொண்டு, "அண்ணாச்சி, இதையெல்லாம் ஏத்துற வரிசை எங்கயாவது எழுதி வச்சிருக்கீங்களா?" என்று கேட்டாள். எழுதி வைத்திருக்கிறாயா என்று! வருஷத்துக்கு ஒரு தடவை பூஜைக்கு அணைத்து, மறுநாள் விஜயதசமி காலையில் எதை முதலில் போட்டு, எத்தனை நிமிஷம் பொறுத்து, எந்த விளக்கைப் பார்த்து அடுத்ததைப் போட வேண்டும் என்பது ஜெயக்கொடியின் மண்டைக்குள் இருக்கிறது, வேறெங்கும் இல்லை. டெங்குக் காய்ச்சலில் ஆஸ்பத்திரியில் கிடந்த வருஷம் டிரிப்ஸ் ஏறுகிற கையோடு போனில் அவன் சொல்லச் சொல்லத்தான் ஏற்றினார்கள். மெஷின் மேன் அத்தனை பேரும் கையைக் கட்டிக்கொண்டு அவன் ஒரு வார்த்தைக்காக நின்றார்கள். அந்தக் காய்ச்சலிலும் அவனுக்கு அது இனித்தது. இவள் எழுதிக் கொடு என்கிறாள். எழுதிக் கொடுத்தால் அப்புறம் என்ன, கணக்கை முடித்து வீட்டுக்குப் போ என்பார்கள். ஜெயக்கொடி அவளிடம், "அதெல்லாம் எழுதுற விஷயம் இல்லம்மா, அனுபவம்" என்றான். அவள் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடப் பரவாயில்லை. "சரிங்கண்ணாச்சி" என்று ஒரு சின்ன நோட்டில் எதையோ எழுதிக்கொண்டாள். என்னத்தை எழுதினாள்? இரண்டு மாசமாக அதுவே அவனை அரித்துக்கொண்டிருக்கிறது.

அவள்தான் சொன்னாள், காசே இல்லாமல் இரண்டு பேர் இருக்கிறார்கள் என்று. ஒருத்தன் வியன்னாக்காரன், ஒருத்தன் பிரெஞ்சுக்காரன். இரண்டு மென்பொருளுக்கும் வாயில் நுழையாத பெயர் இருக்கிறது, மேடமுக்குப் புரியட்டும் என்று டெல்பின் அப்படிச் சொல்ல, ஜெயக்கொடியும் அதையே பிடித்துக்கொண்டான். இறக்கிக்கொள், போட்டுக்கொள், ஒரு பைசா வேண்டாம், கூப்பிட்டால் ஆள் வர வேண்டும் என்றால் மட்டும் காசு. எவன் சும்மா கொடுப்பான்? சும்மா கொடுக்கிறவனுக்கு உள்நோக்கம் இருக்கும் என்று மேடமிடம் சொல்லிப் பார்த்தான், அவள் காதில் ஏறவில்லை. "ரெண்டையும் பழைய மெஷின்ல போட்டுப் பாருங்க அண்ணாச்சி, நம்ம வேலை அத்தனையும் ஓடுதான்னு எழுதிக் குடுங்க. ஓடினா ஆயுத பூஜை அன்னைக்கே மாத்திருவோம், அன்னைக்கு ஒரு நாள்தான மெஷின் நிக்குது" என்றாள். போட்டுப் பார்த்தான். வியன்னாக்காரனைத் திறக்கும்போதெல்லாம் உனக்குச் சந்தா இல்லை என்று ஒரு பெட்டி வந்து ஞாபகப்படுத்தும். அது ஒன்றே அவனுக்கு எரிச்சல். ஆனால் எல்லாம் ஒரே பக்கத்தில் இருந்தது, பேக்கப் உள்பட. பிரெஞ்சுக்காரன் தன்னை மேய்க்கத் தனியாக ஒரு பெட்டி கேட்டான், ஆனால் ஆள் உறுதியானவன். இரண்டிலும் பில் ஓடியது. ஸ்டாக் ஓடியது. டிசைன் திறந்தது. ஒவ்வொன்றாக ஓட ஓட ஜெயக்கொடி தன் சர்டிபிகேட்டை நிமிர்ந்து நிமிர்ந்து பார்த்தான். அமெரிக்காக்காரன் படிப்பை இவன் சென்னையில் போய்த் தங்கிப் படித்துச் சர்டிபிகேட் வாங்கினவன். மேஜைக்கு மேலே சட்டம் போட்டு மாட்டியிருக்கிறது. அந்தப் படிப்பை இந்த ஊரில் வேறு எவன் படித்திருக்கிறான்? காசில்லாத படிப்பை எவன் வேண்டுமானாலும் படிப்பான். வயசு நாற்பத்தேழு, வீட்டுக் கடன் பாதிகூடத் தீரவில்லை, மகள் இரண்டாம் வருஷம் படிக்கிறாள். இந்த வயசில் எவன் வாசலில் போய் நிற்க?

கடைசியாகப் பிளேட். அங்கேதான் தெய்வம் கண்ணைத் திறந்தது என்று நினைத்தான். பிளேட் மென்பொருள் ஓட வேண்டுமானால் சுண்டுவிரல் நீளத்தில் டாங்கிள் என்று ஒன்று சர்வரில் சொருகியிருக்க வேண்டும். அது சாவி மாதிரி. இல்லாவிட்டால் மென்பொருள் வாயைத் திறக்காது. ஓடுகிற டாங்கிளைக் காலண்டர் சீசனில் பிடுங்க முடியாது, அதனால் ஸ்பேர் டாங்கிளை எடுத்துச் சொருகினான். டாங்கிளில் விளக்கு எரியவில்லை. வியன்னாக்காரனிடமும் எரியவில்லை, பிரெஞ்சுக்காரனிடமும் எரியவில்லை. ஐயோ அந்தச் சந்தோஷம்! பத்து வயசு குறைந்த மாதிரி மாடிப்படியில் இரண்டிரண்டாக இறங்கிப் போய் டைப் அடித்துக் கொடுத்தான், இலவச மென்பொருள் எதிலும் பிளேட் டாங்கிள் வேலை செய்யவில்லை, லைசென்ஸ் புதுப்பிப்பது தவிர வழியில்லை. மேடம் படித்துவிட்டுப் பைலில் வைத்தாள். ஒன்பது நாள் கழித்து ஒரு மத்தியானம், சும்மா, கை சும்மா இருக்கமாட்டாமல், அந்த ஸ்பேரை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். அதன் இரும்பு வாய்க்குள்ளே மஞ்சளாக, கல் மாதிரி, அடைத்துக்கொண்டு கிடந்தது. சந்தனம். ஸ்பேர் டாங்கிள் இருப்பது ஆபீஸ் சாமி அலமாரியில். விலை உயர்ந்த சாமான் என்று பெரிய முதலாளி அங்கே வைத்துப் பழக்கிவிட்டார். ஆயுத பூஜைக்குப் பிரஸ் சாவிக்கொத்தோடு தட்டில் ஏறிப் பொட்டு வாங்கிக்கொண்டு மறுபடி அலமாரிக்குள் போய்விடும். முதல் வருஷம் பூசாரி அதைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "இதுக்கு மூஞ்சி எது தம்பி?" என்று கேட்டார். இரும்பு முனையைக் காட்டி இதுதான் மூஞ்சி என்று சொன்னதே ஜெயக்கொடிதான். ஏழு வருஷம், ஏழு பொட்டு. ஊக்கால் சுரண்டி, ஸ்பிரிட் விட்டுக் கழுவி, ஊதிச் சொருகினான். பச்சையாக எரிந்தது. வியன்னாக்காரனிடமும் எரிந்தது, பிரெஞ்சுக்காரனிடமும் எரிந்தது, பிளேட் மென்பொருள் சமர்த்தாகத் திறந்தது. பிடுங்கித் துடைத்து அலமாரியில் வைத்துவிட்டு வந்து இந்த முக்காலியில்தான் உட்கார்ந்தான். இன்று வரை ஒருத்தரிடமும் மூச்சு விடவில்லை.

பொய்யா? கொடுக்கும்போது பொய் இல்லை. அதைத்தான் ஆயிரம் தடவை சொல்லிக்கொண்டுவிட்டான், கொடுக்கும்போது உண்மை, கொடுத்ததற்கு அப்புறம்தான் அது பொய்யாகப் போயிற்று, அதற்கு அவன் என்ன செய்வான்? கீழே மணி பைண்டிங் பக்கம் போய்விட்டது. பைண்டிங்கில் மாரிக்கனி நிற்பாள். தேதித் தாள் அடுக்குகிறவள், இருபத்திரண்டு வருஷம், முன்னூற்று அறுபத்தைந்து தாளைப் பார்க்காமலே விரலால் எண்ணுவாள். போன வாரம் மேடம் இவனைக் கூப்பிட்டு, "லைசென்ஸுக்குக் கட்டணும்னா பைண்டிங்ல நாலு பேரைக் குறைச்சாத்தான் முடியும் அண்ணாச்சி. வேற வழி இல்லைல? நல்லாப் பாத்துட்டீங்கல்ல?" என்றாள். நல்லாப் பாத்துட்டேன் மேடம். வாய் தானாகச் சொல்லிற்று. நாலு பேர் யார் என்று அவள் சொல்லவில்லை, இவன் கேட்கவில்லை. மாரிக்கனி அக்காவாக இருக்காது. இருந்தாலும் அக்காவுக்கு இரண்டு மகன் சம்பாதிக்கிறார்கள். ஒருத்தன் குடிகாரன். சரி, ஒருத்தன் குடிகாரன், அதற்கு ஜெயக்கொடியா ஊற்றிக் கொடுத்தான்? ஊர் பாரத்தையெல்லாம் அவன் தலையில் ஏற்றுவானேன், எழுபது பேருக்குச் சம்பளம் போடுகிற முதலாளியம்மா, பாப்பா பாப்பா என்று இவனே சைக்கிளில் வைத்துப் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விட்ட பிள்ளை, அவளுக்கு இல்லாத அக்கறையா? அவளாவது தானாக ஒரு வார்த்தை, அண்ணாச்சி, எது வந்தாலும் உங்களை விடமாட்டேன் என்று சொல்லியிருக்கலாம் அல்லவா? சொன்னாளா? சொல்லவில்லை. சொல்லியிருந்தால் இந்த நாறப் பிழைப்பு எதற்கு? எல்லாம் அவளால் வந்தது. இல்லை, அமெரிக்காக்காரனால். இல்லை, அந்தப் பூசாரியால், எதைப் பார்த்தாலும் பொட்டு வைக்கிற கை. கண்ணாடிக்கு வெளியே டெல்பின் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து மடியில் லேப்டாப்பை மூடியபடி வைத்திருந்தாள். காலையிலேயே பஸ் பிடித்து வந்துவிட்டாள். எதற்கு வந்தாய் என்று கேட்டதற்கு, "சும்மா பூஜை பாக்கத்தான் அண்ணாச்சி. மேடம் கூப்பிட்டாங்க" என்றாள். போன மாசம் ஒரு தடவை, "அந்த ஸ்பேர் டாங்கிளை நான் ஒருக்கா பாக்கலாமா?" என்று கேட்டவள். சாமி அலமாரிச் சாமானைக் கண்டவர்கள் தொடக்கூடாது என்று விரட்டியாயிற்று. அவள் இவனைப் பார்க்கவில்லை, அணைந்து கிடந்த சர்வரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பார், நல்லாப் பார், உன் கைக்கு அது வராது. குளிரில் அவனுக்கு விரல் நுனி மரத்துவிட்டது. எழுந்து போய் ஏ.சி.யைக் குறைக்கலாம், எழவில்லை.

மணி படியேறியது. பிளேட் ரூமில் அதிக நேரம் ஆகவில்லை. சாம்பிராணி முதலில் வந்தது, அதற்குப் பின்னால் பூசாரி, அவருக்குப் பின்னால் தட்டை ஏந்திக்கொண்டு சுபாஷினி மேடம், பட்டுப்புடவை, தோளில் அந்தப் பை. மெஷின் மேன்கள் நாலைந்து பேர் வாசலில் எட்டிப் பார்த்தார்கள். டெல்பின் செருப்பைக் கழற்றிவிட்டு ஓரமாக வந்து நின்றாள். இன்னும் ஐந்து நிமிஷம். ஜெயக்கொடி கையைக் கட்டிக்கொண்டான், பல்லைக் கடித்துக்கொண்டான், மனசுக்குள் எண்ண ஆரம்பித்தான். பூசாரி முதல் சர்வரின் நெற்றியில் மூன்று பொட்டு வைத்தார், இரண்டாவதுக்கு மூன்று வைத்தார், கீழே இருக்கிற, டேட்டாவெல்லாம் சேமிக்கிற ஸ்டோரேஜ் பெட்டிக்குக் குனிந்து ஒன்று வைத்தார். அப்புறம் தட்டிலிருந்து ஸ்பேர் டாங்கிளை எடுத்தார். இடது கையில் அதைப் பிடித்துக்கொண்டு, வலது மோதிர விரலைச் சந்தனத்தில் நன்றாகத் தோய்த்து, வழிய வழிய அந்த இரும்பு வாய்க்கு நேரே கொண்டு போனார்.

ஜெயக்கொடி அதை யோசித்துச் செய்யவில்லை. யோசித்திருந்தால் செய்திருக்கவே மாட்டான். கட்டியிருந்த கை அவிழ்ந்து போய் டாங்கிளின் வாயை மூடிக்கொண்டது, சந்தனம் அவன் புறங்கையில் விழுந்தது.

"வாய்ல வைக்காதீங்க சாமி. உள்ள போயி அடைச்சுக்கிடும். கழுவி எடுக்குறதுக்குள்ள உசுரு போகுது."

"அப்ப எங்கதான் வைக்க?" என்றார் பூசாரி, கொஞ்சம் கோபமாக. "ஏழு வருஷமா அங்கதான வைக்கேன். நீங்கதான காட்டுனீங்க?"

"பின்னால வைங்க. பிளாஸ்டிக்ல."

பூசாரி பிளாஸ்டிக்கில் வைத்தார். சூடத்தைப் பொருத்தினார். மேடம் தட்டைப் பக்கத்து மேஜையில் மெதுவாக வைத்தாள்.

"எப்போ கழுவுனீங்க அண்ணாச்சி?"

சூடம் எரிந்துகொண்டிருந்தது. எல்லோரும் கும்பிட்டுக்கொண்டிருந்தார்கள், இவர்கள் இரண்டு பேரையும் டெல்பினையும் தவிர. இந்த வருஷம் பூஜைக்கு எடுக்கும்போது அழுக்காக இருந்தது, இன்று காலையில்தான் கழுவினேன் என்று சொல்லலாம். அலமாரியைக் காலையில் திறந்து டாங்கிளைத் தட்டில் வைத்தவள் அவள். போன வருஷம் கழுவினேன் என்று சொல்லலாம். போன வருஷமே கழுவியிருந்தால் இந்த வருஷம் சொருகிப் பார்த்தபோது விளக்கு எரிந்திருக்க வேண்டும். நாலு பொய் வரிசையாக வந்து நின்றது, ஒன்றுக்குக்கூடக் கால் இல்லை.

"ஒரு மாசம் இருக்கும் மேடம்."

"நீங்க எழுதிக் குடுத்ததுக்கு முன்னாடியா, பின்னாடியா?"

"பின்னாடி."

"கழுவினப்புறம் சொருகிப் பாத்தீங்களா?"

"பாத்தேன்."

"எரிஞ்சுதா?"

"எரிஞ்சுது. ரெண்டுலயும் எரிஞ்சுது."

அவள் கத்தியிருக்கலாம். பெரிய முதலாளியாக இருந்தால் கத்தியிருப்பார், கத்திவிட்டு மத்தியானம் பிரியாணி அனுப்பியிருப்பார். இவள் சூடத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, விபூதி வாங்கிப் பூசிக்கொண்டு, பூசாரியிடம், "நீங்க ஆபீஸ் ரூமுக்குப் போங்க சாமி, வாரேன்" என்று அனுப்பிவிட்டு இவனைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இருந்ததா என்று அவன் தேடினான், கோபமாக இருந்தால் தேவலை என்று தேடினான். அறை வாசலில் நின்ற மெஷின் மேன்களுக்கு என்ன நடந்தது என்று விளங்கவில்லை, ஏதோ நடந்துவிட்டது என்று மட்டும் விளங்கிவிட்டது, ஒவ்வொருத்தராக நகர்ந்தார்கள்.

"போன வாரம் நாலு பேர் பேரை எழுதி வச்சுட்டேன் அண்ணாச்சி" என்றாள். "இன்னைக்குச் சாயங்காலம் சொல்றதா இருந்தேன்." அணைந்த சர்வரைப் பார்த்து, "எது?" என்றாள். "ரெண்டுல எது?"

வேடிக்கை என்னவென்றால் இரண்டு மாசமாக ராப்பகலாக இதையே போட்டு உருட்டிக்கொண்டிருந்தவன், இரண்டில் எது நல்லது என்று ஒரு நாள்கூட நினைத்துப் பார்க்கவில்லை. இரண்டையும் எப்படி விரட்டுவது என்றுதான் நினைத்திருந்தான். இப்போது கேட்டதும் பதில் தயாராக வந்தது, வேலை தெரிந்தவனின் பதில், அவன் வெட்கத்துக்கும் பயத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லாத மாதிரி வந்தது.

"வியன்னாக்காரன். பேக்கப் உள்ளயே இருக்கு. எல்லாம் ஒரே பக்கத்துல தெரியும். யார் வந்தாலும் ஓட்டலாம்."

டெல்பின் தலையை அசைத்தாள். ஜெயித்துவிட்டோம் என்ற மூஞ்சி இல்லை அவளுக்கு. அதுவும் சேர்ந்து அவனைச் சுட்டது. "இப்ப ஆரம்பிச்சா விடியறதுக்குள்ள முடிச்சிரலாம் மேடம்" என்றாள்.

மேடம் பையைத் திறந்து லைசென்ஸ் காகிதத்தை எடுத்தாள். கிழிக்கப்போகிறாள் என்று அவன் நினைத்தான். அவள் அதைத் திருப்பி, பின்பக்கம் வெள்ளையாக இருந்ததைச் சரிபார்த்து, மேஜையில் அவனுக்கு முன்னால் வைத்தாள். தன் பேனாவின் மூடியைக் கழற்றி அதன் மேல் வைத்தாள்.

"நிறுத்துறது, ஏத்துறது, எல்லா வரிசையும் எழுதி டெல்பின்கிட்ட குடுங்க. பாஸ்வேர்டும் எழுதுங்க. நாளைக்கு மெஷின் ஓடினப்புறம் என் ரூமுக்கு வாங்க, பேசணும்."

நாளைக்கு என்ன பேசுவாள் என்று அவனுக்குத் தெரியும். முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். புறங்கைச் சந்தனம் காய்ந்து இழுத்தது. ஒன்று என்று போட்டு, முதலில் கீழே உள்ள ஸ்டோரேஜ் பெட்டி, மூன்றாவது விளக்கு பச்சையாகும்வரை தொடக்கூடாது, ஏழு நிமிஷம் ஆகும் என்று எழுதினான். இரண்டு. மூன்று. எழுத எழுத, இன்னும் நிறைய இருக்கிறது, பக்கம் போதாது, இன்னொரு தாள் கேட்க வேண்டியிருக்கும் என்று நினைத்துக்கொண்டே எழுதினான். பாஸ்வேர்டும் சேர்த்துப் பதினொரு வரியில் முடிந்துவிட்டது. ஏதாவது விட்டுப்போயிருக்கிறதா என்று மேலேயிருந்து மறுபடி படித்தான். ஒன்றும் விட்டுப்போகவில்லை. தாளில் பாதிக்கு மேல் வெறுமனே கிடந்தது.